ஜெர்மனி கட்டாய ராணுவ சேவையைத் திரும்பக் கொண்டுவரலாமா? நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வாசுகி_தஞ்சை கேட்டது:

2011 ஜூலை 1இல் ஜெர்மனி நிறுத்திவைத்த கட்டாய ராணுவ சேவை மறுபடி வர வேண்டுமா என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை. 2025 டிசம்பர் 5 அன்று நாடாளுமன்றம் ஒரு புதுச் சட்டம் நிறைவேற்றியது. அன்றைக்கே பல ஊர்களில் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பைப் புறக்கணித்துத் தெருவுக்கு வந்தார்கள். 2026 ஜனவரி 1 முதல் சட்டம் அமலில் இருக்கிறது.

கல்லூரி விவாத அணிக்காகக் குறிப்பு எடுக்கிறோம். கிடைக்கிற கட்டுரைகளில் ஒரு பக்கம் "நாட்டுக்காக ஒரு வருடம் கொடுத்தால் என்ன?", மறுபக்கம் "என் வாழ்க்கையை அரசு எப்படி எடுத்துக்கொள்ளலாம்?" இந்த இரண்டுக்கும் நடுவே காரியம் எப்படி நடக்கும் என்பதை யாரும் எழுதக் காணோம்.

எங்களுக்குத் தெரிய வேண்டியவை: புதுச் சட்டம் எந்த அளவுக்குக் கட்டாயம்? நாளைக்கே முழுக் கட்டாயம் என்று அறிவித்தால் எது முதலில் முட்டுக்கட்டையாகும்? திரும்பக் கொண்டுவந்த மற்ற நாடுகள் என்ன செய்தன? எல்லோரையும் எடுக்க முடியாதென்றால் குலுக்கல் நியாயமான வழிதானா?

எல்லைக்கோடு:

2011இல் ஜெர்மனி கட்டாய சேவையை ஒழித்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். ஒழிக்கவில்லை, நிறுத்திவைத்தது. 18 வயது நிறைந்த ஆண்களைச் சேவைக்கு அழைக்கலாம் என்ற அரசியல் சாசனத்தின் 12அ பிரிவு இன்றும் அப்படியே இருக்கிறது. நாடு பதற்ற நிலையில் அல்லது போர் நிலையில் இருப்பதாக நாடாளுமன்றம் தீர்மானித்தால் பழைய கட்டாயம் தானாகவே உயிர்பெறும். ஆகவே இப்போது நடக்கும் வாதம் அமைதிக்காலத்தைப் பற்றியது மட்டும்.

புதுச் சட்டத்தில் மூன்று படிகள் உண்டு. 18 வயதாகும்போது ஒரு கடிதம் வரும், அதில் இணையப் படிவத்துக்கு வழி இருக்கும். ஆண்கள் நிரப்பியே ஆக வேண்டும், பெண்கள் விரும்பினால் நிரப்பலாம். அடுத்தது மருத்துவத் தகுதிச் சோதனை. 2008இலும் அதற்குப் பிறகும் பிறந்த ஆண்களுக்கு இதுவும் கட்டாயம், ஆனால் வசதி பெருகப் பெருகப் படிப்படியாகத்தான் எல்லோரையும் அழைப்பார்கள். மூன்றாவது படியான சீருடை அணிவது இன்றுவரை விருப்பத்தின் பேரில்தான். மாதம் ஏறத்தாழ 2,600 யூரோ சம்பளம், பிடித்தம் போகும் முன். விரும்பி வருகிறவர்கள் போதவில்லை என்றால் ஆட்களைக் கட்டாயமாக எடுக்க நாடாளுமன்றம் தனியாக இன்னொரு சட்டம் போட வேண்டும். அமைச்சர் ஒரு கையெழுத்தில் செய்துவிட முடியாது.

இலக்கு: இப்போது 1.8 லட்சத்தைச் சற்றே தாண்டியிருக்கும் படையை 2035க்குள் 2.6 லட்சமாக்குவது, அதற்குப் பின்னால் 2 லட்சம் ரிசர்வ் வீரர்களை, அதாவது பயிற்சி முடித்து வீடு திரும்பி, தேவைப்படும்போது அழைக்கப்படுகிறவர்களை, நிறுத்துவது.

நாளைக்கே முழுக் கட்டாயம் வந்தால் முதலில் முட்டுவது டாக்டர் மேசை. ஒரு வருடத்தில் 18 வயதாகும் ஆண்கள் சுமார் 3 லட்சம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 250 வேலை நாள். ஒரு நாளைக்கு 1,200 பேரைச் சோதிக்க வேண்டும். கண், காது, ரத்தம், சிறுநீர், முதுகெலும்பு, மனநிலை எல்லாம் பார்த்து ஒரு மருத்துவக் குழு நாளைக்கு 8 பேரை முடித்தால் 150 குழுக்கள் தேவை. இதற்காகவே நாடு முழுவதும் இருந்த ஆள்சேர்ப்பு அலுவலகங்களை 2012இல் மூடிவிட்டார்கள். கட்டடம் போனது, டாக்டர் பணியிடம் போனது, கோப்பு பார்த்த அனுபவஸ்தர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள்.

அடுத்தது கட்டில். சோதித்தவர்களில் வருடத்துக்கு 40,000 பேரை மட்டும் ஆளுக்கு 6 மாதம் எடுத்தாலே எந்த நாளிலும் 20,000 பேர் முகாமில் படுத்திருப்பார்கள். அறைக்கு 4 பேர் என்றால் 5,000 அறை. அதோடு குளியலறை, சமையற்கூடம், ஆயுதக் கிடங்கு, துப்பாக்கி சுடும் களம். சுடும் களம்தான் பல நேரம் இடறும். சுற்றுப்புறச் சத்தம், பாதுகாப்பு எல்லை என்று அனுமதி வாங்குவதற்கே வருடங்கள் போகும். 2011 அக்டோபரில் அறிவித்த திட்டப்படி 31 படைத்தளங்களை மூட முடிவெடுத்தார்கள். 2025 அக்டோபரில் அதே அமைச்சகம், பொதுப் பயன்பாட்டுக்கு மாறவிருந்த சுமார் 200 பழைய ராணுவ இடங்களை அப்படியே நிறுத்திவைக்கச் சொன்னது. இடம் எவ்வளவு நெருக்கடியாக இருக்கிறது என்பதற்கு இந்த ஒரு உத்தரவே போதும்.

மூன்றாவதும் மிகக் கடினமானதும் பயிற்றுநர். அடிப்படைப் பயிற்சி 3 மாதம். மேலே சொன்ன 20,000 பேரில் பாதிப்பேர் எப்போதும் அந்தக் கட்டத்தில் இருப்பார்கள். பத்துப் பேருக்கு ஒருவர் என்றால் 1,000 பயிற்றுநர்கள். நம் ராணுவத்தில் நாயக், ஹவில்தார் என்கிறோமே, அந்த நிலை ஆட்கள். துப்பாக்கியை வாங்கலாம், கட்டடத்தைக் கட்டலாம். ஒரு நல்ல ஹவில்தாரை உருவாக்கப் பல வருடம் ஆகும். அதுவரை அவர்களைப் போர்ப் பிரிவுகளிலிருந்துதான் பிடுங்க வேண்டும். படையைப் பெருக்கப் போய் இருக்கிற பட்டாலியன்களைச் சில வருடங்களுக்கு நொண்டியாக்குவது இப்படித்தான் நடக்கும்.

என் கருத்து: கட்டாயம் திரும்ப வரலாம், ஆனால் டாக்டர் மேசை, கட்டில், பயிற்றுநர் என்ற வரிசையில் தயாராகும் வேகத்துக்குத்தான் ஆள் எண்ணிக்கை கூட வேண்டும். அந்த வகையில் படிவத்தையும் சோதனையையும் முதலில் கட்டாயமாக்கியது சரியான தொடக்கம்.

பனைமரம்77:

திரும்பக் கொண்டுவந்த நாடுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாடம் படிக்க வேண்டியது ஸ்வீடனிடம்.

1901 முதல் இருந்த கட்டாயத்தை ஸ்வீடன் 2010 ஜூலை 1இல் நிறுத்தியது. சம்பள வீரர்களை வைத்து ஓட்டப் பார்த்தார்கள், இடங்கள் நிரம்பவில்லை. 2017 மார்ச்சில் அரசு மறுபடி கட்டாயம் என்று முடிவெடுத்தது, 2018இலிருந்து ஆணும் பெண்ணுமாக வருடத்துக்கு 4,000 பேர். அதைப் படிப்படியாக உயர்த்தி 2025க்கு 8,000 என்று இலக்கு வைத்தார்கள். ஒரு வயதுப் பிரிவில் அங்கே ஒரு லட்சத்துக்கு மேல் இளைஞர்கள். பத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் உள்ளே போகிறார்.

வடிகட்டுவது இப்படி. எல்லோருக்கும் 18 வயதில் இணையப் படிவம், பதில் கட்டாயம். உடல்நலம், படிப்பு, உடற்பயிற்சி, மனநிலை, சேவையில் நாட்டம் எல்லாம் அதில் கேட்கிறார்கள். பதில்களை வைத்தே பெரும்பாலோரைக் கழித்துவிட்டு, மிச்சம் உள்ளவர்களை மட்டும் நேரில் அழைக்கிறார்கள். நேர்ச்சோதனையில் ஒரு அறிவுத்திறன் தேர்வு உண்டு. உடல் வலுவைப் பார்க்க ஒரு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். முழங்கால் மடக்கிக் குனிந்து ஒரு கம்பியைப் பிடித்து, தலைக்கு மேல் வரை முழு பலத்தோடு தூக்கி, அப்படியே கீழே அழுத்த வேண்டும். எவ்வளவு உந்தினாலும் கம்பி ஒரே வேகத்தில்தான் நகரும், உந்திய விசையை இயந்திரம் அளக்கும். மதிப்பெண் 1 முதல் 9 வரை. பிறகு சைக்கிள் மிதிக்கவிட்டு மூச்சுத்திறன், அதன்பின் உளவியலாளர் பேட்டி. எந்த மதிப்பெண் எந்தப் பணிக்குப் போதும் என்பது முன்கூட்டியே வரையறுத்தது: டாங்கி ஓட்ட ஒன்று, கப்பலில் ஒன்று, சமையல் பிரிவில் வேறொன்று.

இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது, படிவத்தில் "நாட்டமில்லை" என்று எழுதினாலும் தகுதி இருந்தால் எடுக்கலாம், ஆனால் நாட்டம் உள்ளவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். கட்டாயம் பின்னணியில் நிற்கும், முன்னால் நிற்பது விருப்பம். அதனால்தான் அங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பவில்லை.

மற்றவை சுருக்கமாக. லித்துவேனியா 2008இல் நிறுத்தி 2015இல் திரும்பக் கொண்டுவந்தது, 9 மாதம், கணினி வரிசைப்பட்டியல், தாமாக வருகிறவருக்குக் கூடுதல் தொகை. லாட்வியா 2007இல் விட்டு, 2024 ஜனவரி 1 முதல் மறுபடி, 11 மாதம், ஆள் குறைந்தால் மட்டும் குலுக்கல். குரோஷியா 2008இல் நிறுத்தியதை 2025 அக்டோபரில் வாக்கெடுத்துத் திரும்பக் கொண்டுவந்தது, வெறும் 2 மாதம். இரண்டு மாதத்தில் துப்பாக்கி பிடிக்கவும், காயத்துக்குக் கட்டுப் போடவும், கட்டளைக்கு நடக்கவும் கற்றுத்தரலாம். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

மறுகரை:

எல்லைக்கோடு சாரின் கணக்கு சரி. முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. கட்டாய சேவை தருவது முழுநேர நிரந்தரப் படையை அல்ல, ரிசர்வ் படையை. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் விவாதமே குழம்புகிறது.

ஜெர்மனி இப்போது லித்துவேனியாவில் நிரந்தரமாக ஒரு பிரிகேடு நிறுத்துகிறது, 2027க்குள் சுமார் 4,800 வீரர்கள். அங்கே கட்டாயத்தில் வந்தவரை அனுப்ப முடியாது. பழைய நாட்களிலும் கட்டாய சேவைக்காரர்களை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பியதில்லை, தாமாக முன்வந்து காலத்தை நீட்டிக்கொண்டவர்களைத்தான் அனுப்பினார்கள். நேட்டோ இன்று ஜெர்மனியிடம் கேட்பது பழகிய கவச வாகனக் குழு, வான்பாதுகாப்பு, பழுதுபார்ப்புப் பிரிவு. ஆறு மாத ஆளால் ஒரு வான்பாதுகாப்பு ரேடாரைத் தொட முடியாது.

ஆறு மாதத்தைப் பிரித்துப் பாருங்கள். 26 வாரம். அடிப்படைப் பயிற்சிக்கு 12 வாரம், விடுப்புக்கு 3 வாரம், சேர்வது விலகுவது சாமான் ஒப்படைப்பது என்று ஒரு வாரத்துக்கு மேல். பிரிவில் உருப்படியாக வேலை செய்யக் கிடைப்பது ஒன்பது பத்து வாரம். 1962இல் 18 மாதமாக இருந்ததைக் குறைத்துக் குறைத்து 2010இல் 6 மாதத்துக்குக் கொண்டுவந்தபோது படையே சொன்ன குறை இதுதான். அடுத்த வருடமே நிறுத்திவிட்டார்கள்.

ரிசர்வ் வேண்டும் என்றால் பயிற்சிக்குப் பிறகு வருடாவருடம் திரும்ப அழைக்க வேண்டும். சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தேசிய சேவையில் முழுநேரமாக 2 வருடம், அதன்பின் 10 வருடச் சுற்று, ஒவ்வொரு வருடமும் 40 நாள் வரை அழைக்கலாம். முதலாளி விட்டுத்தான் ஆக வேண்டும், அந்த நாட்களின் சம்பளத்தை அரசு ஈடுகட்டும். இந்தப் பின்பகுதி இல்லாமல் முன்பகுதியை மட்டும் கொண்டுவந்தால், ஐந்து வருடம் கழித்துப் பெயர்ப்பட்டியல் இருக்கும், படை இருக்காது.

செலவையும் மறைக்கக் கூடாது. மியூனிக்கின் இஃபோ ஆய்வு நிறுவனம் 2024இல் போட்ட கணக்குப்படி, ஒரு வயதுப் பிரிவில் 5 சதவீதத்தினரை எடுத்தால் பொருளாதார இழப்பு வருடத்துக்குச் சுமார் 3 பில்லியன் யூரோ, 25 சதவீதம் என்றால் 17 பில்லியன், எல்லோரையும் எடுத்தால் ஏறத்தாழ 70 பில்லியன். படிப்பும் வேலையும் ஒரு வருடம் தள்ளிப்போவதன் விலை இது, பட்ஜெட்டில் தெரியாது. அந்த விலையைத் தருவது 18 வயதுப் பிள்ளைகள். அதே பணத்தில் சம்பளத்தையும் தங்குமிடத்தையும் உயர்த்தினால் எத்தனை பேர் தாமாக வருவார்கள் என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

எல்லைக்கோடு:

மறுகரை, ரிசர்வ் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் ஜெர்மனிக்குக் குறைவதே அதுதான். போர் என்றால் நேட்டோப் படைகள் கிழக்கே போகும் வழி ஜெர்மனி. பாலம், ரயில் நிலையம், துறைமுகம், எரிபொருள் கிடங்கு எல்லாவற்றுக்கும் காவல் வேண்டும், காயம்பட்டவரை ஏற்றி இறக்க ஆள் வேண்டும். இதற்கு ரேடார் படிப்பு தேவையில்லை. ஆறு மாதப் பயிற்சியும், வருடத்துக்குப் பத்து நாள் மறுபயிற்சியும் போதும். அந்த வேலைக்குப் பிரிகேடு வீரரை நிறுத்தினால் பிரிகேடு ஊனமாகும்.

கணக்கன்:

குலுக்கல் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நியாயம் குலுக்கல் என்ற சொல்லில் இல்லை, அதைச் செய்கிற விதத்தில் இருக்கிறது. கெட்ட எடுத்துக்காட்டு, வியட்நாம் போர்க் காலத்தில் ஆள் எடுக்க அமெரிக்காவில் 1969 டிசம்பர் 1 அன்று நடந்தது.

வருடத்தின் 366 தேதிகளையும் சீட்டில் எழுதி 366 நீல நிறக் குப்பிகளில் போட்டார்கள். எந்தத் தேதி முதலில் வருகிறதோ அந்த நாளில் பிறந்தவர்கள் முதலில் போக வேண்டும். முதலில் வந்தது செப்டம்பர் 14, அதற்கு எண் 1; மற்றத் தேதிகளுக்கும் வந்த வரிசையே எண். 1970இல் 195ஆம் எண் வரை அழைத்தார்கள்.

கோளாறு எங்கே? ஜனவரிக் குப்பிகளைப் பெட்டியில் போட்டார்கள். பிறகு பிப்ரவரியைப் போட்டு ஜனவரியோடு கலந்தார்கள். பிறகு மார்ச். இப்படியே போனதால் ஜனவரிக் குப்பிகள் மற்றவற்றோடு 11 முறை கலந்தன, டிசம்பர்க் குப்பிகள் ஒரே ஒரு முறை. அப்புறம் பெட்டியைச் சில முறை குலுக்கிக் கண்ணாடிக் கலத்தில் கொட்டினார்கள். அந்தக் குலுக்கு போதவில்லை. ஒழுங்காகக் கலந்திருந்தால் எந்த மாதத்துக்கும் சராசரி எண் 183.5ஐ ஒட்டி இருக்க வேண்டும். வந்தது ஜனவரிக்கு 201.2, டிசம்பருக்கு 121.5. டிசம்பரில் பிறந்தவன் வியட்நாம் போக வாய்ப்பு கூடுதல். பெட்டியை ஒழுங்காகக் கிளறாத ஒரே காரணத்துக்காக. இதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. அடுத்த முறை, 1970 ஜூலையில், தேதிக்கு ஒரு உருளை, எண்ணுக்கு ஒரு உருளை என்று இரண்டு வைத்து, இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து ஜோடி சேர்த்தார்கள். ஒரு உருளை சரியாகக் கலக்காவிட்டாலும் மற்றது அதைச் சரிக்கட்டும்.

இன்று கணினியில் செய்யலாம். ஆனால் மூன்று விஷயம் வேண்டும். பெயர்ப்பட்டியலைக் குலுக்கலுக்கு முன்பே பூட்டி வைக்க வேண்டும். மென்பொருளை வெளிப்படையாக வைக்க வேண்டும். கணினிக் குலுக்கலைத் தொடங்கிவைக்கும் எண்ணை மக்கள் முன்னால் பகடை உருட்டியோ பந்து எடுத்தோ பெற வேண்டும். அப்போது யார் வேண்டுமானாலும் வீட்டில் அதே கணக்கைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

அதைவிடப் பெரிய கேள்வி குலுக்கல் மருத்துவச் சோதனைக்கு முன்பா, பின்பா என்பது. முன்பு செய்தால் டாக்டர் வேலை மிச்சம். ஆனால் சீட்டு விழுந்த பிறகு வசதியுள்ள வீட்டுப் பிள்ளை முதுகுவலிச் சான்றிதழோடு வருவான், வசதியற்றவன் வரமாட்டான். சான்றிதழ் காட்டித் தப்பியவன் இடத்துக்கு அடுத்த எண்காரன் போவான். ஆகவே எல்லோரையும் சோதித்து முடித்து, தகுதியுள்ளவர்களின் பட்டியலைப் பூட்டிவிட்டு, கடைசியில் குலுக்க வேண்டும். இளைஞர் வரும் நாளிலேயே சோதனையை முடித்து, அங்கேயே தன் கையால் சீட்டு எடுக்கவிடுவது டென்மார்க்கின் வழக்கம். பெரிய எண் வந்தால் விடுதலை. 2025 ஜூலை 1 முதல் 18 வயதாகும் பெண்களும் இதில் சேர்ந்திருக்கிறார்கள்.

விலக்குகளை அதிகமாக்கியும் நியாயம் கெடும். 2004இல் ஜெர்மனி தேவைக்கு மேல் ஆள் இருந்ததால் மூன்றாம் தர உடல்தகுதிக்காரர்கள், திருமணமானவர்கள், தகப்பன்மார் என்று வரிசையாக விலக்கு கொடுத்தது. கடைசியில் போனவன் "நான் மட்டும் ஏன்?" என்று கேட்டான். கொலோன் நிர்வாக நீதிமன்றம் அந்தக் கேள்வியை அரசியல் சாசன நீதிமன்றம் வரை கொண்டுபோனது.

வாசுகி_தஞ்சை:

கணக்கன் சார், அந்தக் குப்பி விவரத்துக்கு மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. பெண்களை ஏன் ஜெர்மனி சேர்க்கவில்லை? மனசாட்சி காரணமாக மறுப்பவர் என்ன செய்ய வேண்டும்?

சட்டநூல்:

பெண்கள் விஷயம் அரசியல் சாசனத்தில் இருக்கிறது. ஆயுதம் ஏந்தும் சேவைக்குப் பெண்களை எந்த நிலையிலும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 12அ பிரிவே சொல்கிறது. மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நாடாளுமன்றத்தின் 630 இடங்களில் 420. ஆளும் கூட்டணியும் பசுமைக் கட்சியும் சேர்ந்தாலும் 413தான்.

மனசாட்சி மறுப்பு 4ஆம் பிரிவில் உள்ள அடிப்படை உரிமை. போர்க்காலத்திலும் பறிபோகாது. மனு எழுத்தில் இருக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்கோ அமைச்சருக்கோ அனுப்பக் கூடாது, படையின் ஆள்சேர்ப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் அதைக் குடும்பம் மற்றும் குடிமைப் பணிகளுக்கான கூட்டாட்சி அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். தீர்ப்பு அங்கேதான். கூட இணைக்க வேண்டியவை இரண்டு: வாழ்க்கைக் குறிப்பு, சொந்தக் காரணங்களை விரிவாகச் சொல்லும் ஒரு கடிதம்.

மனு தோற்பது பெரும்பாலும் இந்தக் கடிதத்தில். "இந்த அரசின் கொள்கை பிடிக்கவில்லை", "இந்தப் போர் தவறு" என்று எழுதினால் அது அரசியல் கருத்து. சட்டம் கேட்பது, ஆயுதத்தால் மனிதரைக் கொல்வதை உன் மனசாட்சி எந்தச் சூழலிலும் ஏற்காது என்பதற்கான காரணம். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தை நகலெடுப்பது அதைவிட மோசம். ஒரே வாக்கியம் பல மனுக்களில் வந்தால் யார் மனசாட்சி என்று பார்ப்பது? எந்த வயதில், எந்த நிகழ்ச்சியால், யாரிடமிருந்து அந்த நம்பிக்கை வந்தது என்று தேதி இடத்தோடு எழுத வேண்டும்.

கட்டாயம் திரும்பினால் மறுப்பவருக்கு மாற்றுச் சேவை உண்டு. அதன் காலம் ராணுவ சேவையைவிட நீளக் கூடாது என்பதும் சாசனத்திலேயே இருக்கிறது. 2011க்கு முன்பு இந்த இளைஞர்கள் முதியோர் இல்லங்களில் சாப்பாடு கொண்டுபோனார்கள், ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள், மாற்றுத்திறனாளிகளைப் பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். அந்தச் சட்டமும் ராணுவக் கட்டாயத்தோடு சேர்ந்தே நின்றுபோனது. எந்த நிறுவனம் எத்தனை பேரை ஏற்கும், யார் மேற்பார்வை, யார் சம்பளம் என்ற பட்டியலை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். முகாமில் கட்டில் தேடுகிற அதே நேரத்தில் இதையும் தொடங்கியாக வேண்டும்.